பின்வில்லும் ரப்பர் புஷ்ஷும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் எஞ்சினின் ஆற்றலைப் புகழ்வர்; மேற்கூட்டின் அழகை வியப்பர்; ஓட்டுவோனின் கைத்திறனை மெச்சுவர். வண்டியின் அடியில் குனிந்து, பின்னச்சைத் தாங்கும் வில்பட்டைகளின் நுனியில் ஒளிந்து கிடக்கும் ரப்பர் வளையங்களை நோக்குவார் மிகச் சிலரே. உள்ளங்கையில் அடங்கும் அவ்வளையத்தைப் பட்டறையார் 'புஷ்' என்பர். அது தேய்ந்தால் வண்டி முழுதுமே நெறி தவறும் என்பதனையும், அதனை மாற்றுங்கால் ஒரு சிறு பிழை நேரினும் புதியதும் விரைவில் பழையதன் கதியையே அடையும் என்பதனையும் யாம் துன்பப்பட்டே அறிந்தோம். அத்துன்பமின்றி அவ்வறிவைப் பிறரும் பெறுதல் நலமெனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எம் ஊர் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள இராதாபுரம். பனைகளும் செம்மண்ணும் நிறைந்த பகுதி. ஆனி, ஆடித் திங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே புகுந்து வரும் மேல்காற்று, நடப்பவரையும் தள்ளாட வைக்கும். கிழக்கிலும் தெற்கிலும் கடல் அணித்தாதலின் உப்புக் கலந்த காற்றுக்கும் குறைவில்லை. இத்தகைய ஊரில் எம் இல்லத்தில் நெடுங்காலமாக இருந்து வருவது 1978ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற அம்பாசடர் வண்டி ஒன்று. எம் தந்தையார் அதனை வாங்கிய நாளில் எம் தெருவில் வேறு மோட்டார் வண்டி இல்லை. நள்ளிரவில் கதவைத் தட்டி, பிரசவ வேதனையுற்ற பெண்ணை வள்ளியூருக்கோ நாகர்கோவிலுக்கோ கொண்டுசெல்ல வேண்டுமென்று அயலார் கேட்ட காலங்களில் அவ்வண்டி ஒருநாளும் மறுத்ததில்லை. ஆதலின் அதனைப் பழைய இரும்புக்கு விற்றுவிடுக என்று பலரும் அறிவுரை கூறியபோதும் எம் மனம் இசையவில்லை.

அம்பாசடரின் வரலாற்றைச் சிறிது கூறுதல் இவ்விடத்துப் பொருந்தும். 1942இல் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம், வங்காளத்தில் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தன் தொழிற்சாலையை நிறுவியது. இங்கிலாந்தில் வழங்கிய மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடிப்படையாகக் கொண்டு, 1958 முதல் அம்பாசடர் அங்கே செய்யப்பட்டு வந்தது. அரைநூற்றாண்டுக்கு மேல் அதன் உருவமும் அடிப்படை அமைப்பும் பெரிதும் மாறவில்லை. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்றது. 2017இல் அப்பெயரும் பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ நிறுவனத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஆகவே இனி அம்பாசடரை வைத்திருப்போர், உள்ளதைப் பேணிக் காப்பதன்றிப் புதியதொன்று பெறுதல் இயலாது.

இனி வண்டியின் அடிக்குச் செல்வோம். பின்னச்சு ஒரே நீண்ட உருளைபோல் இரு சக்கரங்களையும் இணைத்து நிற்கிறது. அதனை வண்டியின் உடலோடு பிணைப்பன, பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த இரண்டு வில்பட்டைகள். நீளத்தில் ஒன்றற்கொன்று குறைந்த எஃகுத் தகடுகளை அடுக்கி, சற்றே வளைத்து, நடுவில் ஓர் ஆணியாற் கோத்த கட்டு அது. எம் பக்கத்துப் பட்டறைகளில் அதனைப் 'பட்டை' என்றே கூறுவர். குதிரை வண்டிகள் ஓடிய காலத்திலேயே, 1804இல், ஒபதையா எலியட் என்னும் ஆங்கிலேயர் இத்தகைய வில்களை வண்டிக்குப் பொருத்தும் முறைக்கு உரிமை பெற்றார். மோட்டார் வண்டி அதனைத் தன் முன்னோரிடமிருந்து பெற்ற சொத்தாகவே கொண்டது.

மேல்தகட்டின் இரு நுனிகளும் சுருட்டப்பட்டு வளையம்போல் இருக்கும். அவற்றைக் 'கண்' என்பர். முன்பக்கத்துக் கண், ஒரு போல்ட்டினால் வண்டியின் உடலோடு நேரே பிணைக்கப்பட்டுள்ளது. பின்பக்கத்துக் கண்ணோ அவ்வாறன்றி, 'ஷாக்கிள்' எனப்படும் இரு சிறு தகடுகளின் வாயிலாக ஊஞ்சல்போல் தொங்குகிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. சுமை ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்கிறது. நிமிரவே அதன் நுனிகளுக்கு இடைப்பட்ட தொலைவு நீள்கிறது. இரு நுனிகளையும் அசையாது பிணைத்துவிட்டால் பட்டை நிமிரவும் மாட்டாது, வளையவும் மாட்டாது. ஆதலின் ஒரு நுனி நிலைபெறவும், மற்றொரு நுனி ஆடி இடங்கொடுக்கவும் அமைத்தனர்.

நிலைபெற்ற முன்கண்ணின் பொறுப்போ மிகப் பெரிது. எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரங்களைச் சுழற்ற, சக்கரங்கள் தரையை உதைத்து அச்சை முன்னே தள்ளுகின்றன. அத்தள்ளுதல் பட்டையின் முன்பாதி வழியாகச் சென்று முன்கண்ணிலேதான் வண்டியின் உடலைச் சேர்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது பின்சக்கரங்கள் வண்டியைப் பின்னுக்கு இழுப்பதும் அவ்வழியேதான். ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள வண்டியும் அதிலுள்ளோரும் அந்த இரு கண்களாலேயே முன்னே தள்ளப்படுகின்றனர் எனின் மிகையாகாது.

இக்கண்களுக்குள்ளேதான் ரப்பர் புஷ் இருக்கிறது. முன்கண்ணில் உள்ளது, வெளியே ஓர் எஃகுக் குழாய், உள்ளே ஒரு சிறிய எஃகுக் குழாய், இரண்டுக்கும் இடையே இறுகப் பிடித்த ரப்பர் என மூன்று உறுப்புக்களை உடையது. ஷாக்கிளில் உள்ளவை தொப்பிபோல் விளிம்புடைய அரைப்புஷ்கள். இருபுறமிருந்தும் ஒவ்வொன்றாகச் செருகப்படுவன.

நம் கட்டை வண்டியை அறிந்தவர் இவ்விடத்து ஒரு வேற்றுமையைக் கருதல் வேண்டும். கட்டை வண்டியின் சக்கரக் குடத்திலும் அச்சிலும் இரும்பும் இரும்பும் உராயும். ஆதலின் வைக்கோற் கரியை எண்ணெயிற் குழைத்த வண்டி மையை இட்டு நம் முன்னோர் அவ்வுராய்வைத் தணித்தனர். பழைய மோட்டார் வண்டிகளின் பட்டைக் கண்களிலும் பித்தளை போன்ற உலோகப் புஷ்களே இருந்தன. அவற்றுக்கு அடிக்கடி கிரீஸ் இட வேண்டியிருந்தது. ரப்பர் புஷ்ஷில் உராய்வதற்கு இடமே இல்லை. வெளிக்குழாய் கண்ணோடு இறுகி நிற்கும். உட்குழாய் போல்ட்டோடு இறுகி நிற்கும். பட்டை அசையும்போது இடையிலுள்ள ரப்பர் தானே முறுகி, மீண்டும் தன் நிலைக்குத் திரும்பும். சறுக்குதல் இன்மையால் மசகும் வேண்டுவதில்லை. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் பின்னர்க் கூறப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

வெறும் ரப்பர்ப் பால் உறைந்த பொருள் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது இரு நிலையிலும் கெடாது மீள்தன்மை பெறும் எனக் கண்டார். அம்மரத்தின் விதைகளில் ஏறக்குறைய 70,000ஐ 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் பிற கீழ்நாடுகளுக்கும் சென்றன. இராதாபுரத்திலிருந்து ஆரல்வாய்மொழியைக் கடந்து குலசேகரம் பக்கம் செல்வார், இன்று மலைச்சாரல் எங்கும் அம்மரத் தோட்டங்களைக் காணலாம்.

இத்துணைச் சிறந்த ரப்பருக்கும் பகைவர் உண்டு. முதலாவது எண்ணெய். எஞ்சின் எண்ணெயும் டீசலும் கிரீஸும் இயற்கை ரப்பரை உப்பச் செய்து கூழாக்கும். இரண்டாவது வெப்பம். மூன்றாவது காற்றிலுள்ள ஓசோன். அது இழுபட்டு நிற்கும் ரப்பரின் மேற்பரப்பில் வெடிப்புக்களை உண்டாக்கும். ரப்பரைத் தீண்டாத உப்புக் காற்றோ, அதனுள் நிற்கும் போல்ட்டையும் உட்குழாயையும் துருவால் ஒன்றாகப் பற்றவைத்துவிடும்.

புஷ் தேய்ந்ததை எவ்வாறு அறிவது? கரடான பாதையில் பின்புறம் 'டக்' என்னும் ஒலி எழும். வேகங்கூட்டும்போது வண்டி ஒரு பக்கம் ஒதுங்கும்; காலை எடுத்தவுடன் மறுபக்கம் ஒதுங்கும். காற்றடிக்கும் வெளியில் வண்டியின் வால் தன்விருப்பில் அசைவதுபோல் தோன்றும். இவை அற்பம் என்று எண்ணுவார்க்கு ஒரு சிறு கணக்கைக் காட்டுகிறோம். அம்பாசடரில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே ஏறக்குறைய 246 செண்டிமீட்டர். பின்சக்கரம் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 135 செண்டிமீட்டர். ஒரு பக்கத்துப் புஷ் தேய்ந்து அச்சின் அப்பக்கம் 3 மில்லிமீட்டரே பின்வாங்கிற்று என்று கொள்வோம். அப்போது பின்சக்கரங்கள் வண்டியின் நேர்க்கோட்டைவிட்டுச் சற்றே திரும்பி நிற்கும். முன்சக்கரங்களை நேராகப் பிடித்திருப்பினும், வண்டி 1,100 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்திலேயே செல்லும். 100 மீட்டர் செல்வதற்குள் ஏறத்தாழ நாலரை மீட்டர் விலகிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டரைக் கடக்க 6 விநாடி போதும். அவ்விலகலை ஓட்டுவோன் தன்னையறியாமல் கையால் திருத்திக்கொண்டே செல்கிறான். திடீரென்று பிரேக்கிட்டால் அச்சு வேறிடம் பெயரும். திருத்திய கை அப்போது தவறான கையாகிவிடும்.

எமக்கு நேர்ந்ததும் அதுவே. வண்டியின் பின்புறத்தில் ஒலி எழவே, பட்டறை ஒன்றில் விட்டு நான்கு முனைகளிலும் புதிய புஷ் இடச் செய்தோம். ஒலி நின்றது, மகிழ்ந்தோம். நான்கு திங்கள் கழியுமுன்னரே அவ்வொலி மீண்டும் எழுந்தது. புதிதாக இட்டது கெடுமோ என்று ஐயுறாது காலங் கடத்தினோம். ஆடி மாதத்தில் ஒருநாள், நோயுற்ற எம் அன்னையாரை நாகர்கோவிலுக்கு அழைத்துச் சென்றபோது, காவல்கிணற்றுக்கு அப்பால் எதிரே வந்த லாரியின் காற்றும் மேல்காற்றும் ஒருங்கே தாக்கின. பிரேக்கிட்டோம். வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வீசிற்று. பாதையோரத்து மணலில் இறங்கி நின்றமையால் எவர்க்கும் ஊறு நேரவில்லை. எனினும் அன்னையார் எம் கையைப் பற்றிய பிடி நெடுநேரம் தளரவில்லை. அன்றிரவே வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம்.

விற்பதற்கு முன் காரணத்தையேனும் அறிவோம் எனக் கருதி, லாரிப் பட்டை வேலையில் முதுமையெய்தி ஓய்ந்திருந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அண்ணாச்சி வண்டியைச் சுற்றி வரவுமில்லை, ஓட்டிப் பார்க்கவுமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, போல்ட்டை முறுக்கினபோது வண்டி தரையில் நின்றதா, சக்கரம் தொங்கிக்கொண்டு இருந்ததா?"

வண்டியை உயர்த்திய நிலையிலேயே யாவும் முறுக்கப்பட்டதை யாம் கண்டிருந்தோம். அதனைக் கூறவே, "அப்படியானால் புஷ் அன்றைக்கே செத்தது" என்றார்.

அதன் கருத்து இது. வண்டியை உயர்த்தினால் பின்னச்சு கீழே தொங்கும். முன்கண்ணிலிருந்து அச்சுவரை அரை மீட்டர் என்றும், அச்சு 10 செண்டிமீட்டர் தாழ்ந்தது என்றும் கொண்டால், பட்டை தன் இயல்பான நிலையிலிருந்து ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருக்கும். அந்நிலையில் போல்ட்டை முறுக்கினால் உட்குழாய் அங்கேயே பூட்டப்படும். வண்டியை இறக்கியவுடன் பட்டை நிமிரும். ரப்பரோ அந்த 11 பாகையும் முறுகி நிற்கும். வண்டி ஓடாது நிழலில் நிற்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் அம்முறுக்கின்மேல் முறுக்கு ஏறும். இறுதியில் ரப்பர் கிழிந்து எஃகினின்றும் பிரியும். தரையில் நிற்கும் நிலையில் முறுக்கினாலோ, ரப்பர் நடுநிலையில் ஓய்வுற்று, மேலும் கீழும் சிறிது சிறிதே முறுகும். பல்லாண்டு உழைக்க வேண்டிய பொருள் நான்கு திங்களில் அழிந்தமைக்கு, ஸ்பேனரைத் திருப்பிய நேரமே காரணமாயிற்று.

அண்ணாச்சி அருகிருந்து வழிகாட்ட, எம் கையாலேயே அவ்வேலையை மறுமுறை செய்தோம். அம்முறையைக் கூறுவோம்.

முதற்கண் உயிர்க்காப்பு. எம் ஊர்ச் செம்மண்ணில் ஜாக்கியை வைத்தால் அது மெல்ல அமிழ்ந்து சாயும். ஆதலின் காரைத் தளமாயினும், அகன்ற கனத்த பலகையாயினும் அடியில் வேண்டும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்தல் வேண்டும். வண்டியை உயர்த்தியபின், பட்டையின் முன்கண்ணுக்கு முன்னே, உடலின் வலுவான அடிப்பகுதியில் இரும்புத் தாங்கிகளை வைத்து அவற்றின்மேல் எடையை இறக்க வேண்டும். ஜாக்கி உயர்த்துவதற்கே உரியது; அதனை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகுவது உயிரோடு விளையாடுவதாகும். செங்கல்லை அடுக்கி வைப்பதும் அவ்வாறே. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

இரண்டாவது, பொறுமை. வேலைக்கு மூன்று நாள் முன்னதாகவே போல்ட்டு, நட்டுக்களைக் கம்பித் தூரிகையால் துடைத்து, துரு இளக்கும் எண்ணெயை நாள்தோறும் இட்டு வந்தோம். அங்ஙனம் செய்தும் இடப்பக்கத்து முன்போல்ட்டு உட்குழாயோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. கேஸ் சுடரால் காய்ச்சலாமே என்றோம். பெட்ரோல் தொட்டி பின்புறத்திலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டி அண்ணாச்சி தடுத்தார். பின்னர் ஹாக்சா அலகினால் போல்ட்டின் இரு பக்கத்தையும் அறுத்தெடுத்தோம். அதற்கே ஒரு முழுப் பகல் சென்றது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துப் பட்டையையே கழற்றுதல் நன்று. மற்றொன்று அச்சை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கும். அச்சின் அடியில் இரண்டாவது ஜாக்கி ஒன்றைக் கொடுத்து, பட்டையின் விறைப்பு நீங்கும் அளவுக்கு உயர்த்திய பின்னரே அதிர்வு தாங்கியின் இணைப்பையும், யூ போல்ட்டுக்களையும், ஷாக்கிளையும், முன்போல்ட்டையும் முறையே நீக்க வேண்டும். விறைப்போடு கழற்றினால் பட்டை துள்ளிக் கையை முறிக்கும்.

மூன்றாவது, பழைய புஷ்ஷை வெளியேற்றுதல். சுத்தியலால் அடித்தால் ரப்பர் அடியை விழுங்கும், கண்ணோ கோணும். நெருப்பிட்டு எரிப்பாரும் உண்டு. அப்புகை நச்சுடையது, பட்டையின் பதமும் கெடும். அண்ணாச்சி காட்டிய வழி எளியது. மரையிட்ட நீண்ட கம்பி ஒன்றைப் புஷ்ஷின் நடுவே நுழைத்தோம். ஒரு பக்கம் புஷ்ஷைவிடச் சற்றே சிறிய வளையத் தகட்டையும், மறுபக்கம் புஷ்ஷைவிடப் பெரிய குழாய்த் துண்டையும் வைத்து, நட்டை முறுக்கினோம். புஷ் மெல்ல நகர்ந்து குழாய்க்குள் வந்து விழுந்தது. புதியதை உள்ளே ஏற்றுவதற்கும் அதே கருவியே உதவிற்று. கண்ணின் உட்புறத்தைத் துரு நீங்கத் துடைத்து, கோணாமல் நேரே இழுத்து, இருபுறமும் சமமாக நிற்கச் செய்தோம். அரைப்புஷ்கள் எளிதில் நுழையும்பொருட்டுச் சோப்புநீர் தடவலாம். அது உலர்ந்து போய்விடும். எண்ணெயும் கிரீஸும் கூடா.

நான்காவது, பூட்டுதல். பட்டையின் நடுவாணித் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக அமர்ந்ததா என்று பார்த்தல் வேண்டும். அமராவிடில் அச்சு கோணலாகவே நிற்கும். முன்போல்ட்டையும் ஷாக்கிள் நட்டுக்களையும் கையால் திருகும் அளவுக்கே வைத்து, சக்கரங்களைப் பூட்டி வண்டியைத் தரையில் இறக்கினோம். பின்புறத்தைப் பலமுறை அழுத்தி விட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது உருட்டினோம். பட்டை தன் இயல்பான நிலையைத் தானே தேடிக்கொண்டது. அதன்பின் அண்ணாச்சி தலையசைக்க, வண்டி நான்கு சக்கரங்களின்மேல் நிற்கும்போதே, பக்கத்திலிருந்து கையை நீட்டி நட்டுக்களை முழுதும் முறுக்கினோம்.

இறுதியாக ஒரு சோதனை. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை இருபுறமும் நாடாவால் அளந்தோம். பழுதுற்றிருந்த காலத்தில் இருபுறத்துக்கும் 6 மில்லிமீட்டர் வேற்றுமை இருந்தது. இப்போது 1 மில்லிமீட்டருக்கும் குறைந்தது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுக்களை மீண்டும் முறுக்கினோம்.

புஷ் வாங்குவோர்க்கும் ஒரு சொல். பழைய டயரை அறுத்துச் செய்தவை சில இடங்களில் விற்கப்படும். அவற்றுள் நூலிழை கலந்திருத்தலால் அவை முறுகமாட்டா, பிய்ந்துபோம். பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளாற் செய்தவையும் உண்டு. அவை எண்ணெய்க்கு அஞ்சா; நெடுநாள் உழைக்கும். ஆயினும் அவை பெரும்பாலும் முறுகுவனவல்ல, சறுக்குவன. தமக்குரிய தனி மசகு இன்றிக் கிறீச்சிடும். பாதையின் அதிர்வையும் மிகுதியாக மேலே கடத்தும். முதியோரும் நோயுற்றோரும் ஏறும் வண்டிக்கு ரப்பரே தக்கது என்பது எம் துணிபு. வாங்குங்கால் நகத்தால் அழுத்திப் பார்த்து, வெடிப்பின்றி மீள்வதையே கொள்க. பூட்டியபின் கிறீச்சொலி கேட்டால், கட்டை வண்டிப் பழக்கத்தால் எண்ணெயை ஊற்றாதிருங்கள். இரும்புக்கு மருந்தானது ரப்பருக்கு நஞ்சு.

அவ்வேலை முடிந்து மூன்று ஆடி மாதங்கள் சென்றன. ஒலி மீளவில்லை. மேல்காற்றில் காவல்கிணற்றைக் கடக்கும்போது அன்னையார் எம் கையைப் பற்றுவதுமில்லை. வண்டியை விற்கும் பேச்சும் எம் இல்லத்தில் எழவில்லை. அண்ணாச்சிக்குக் கூலி கொடுக்க முயன்றபோது, "முறுக்கத் தெரிந்தவர் பலர், தம்பி, எப்போது முறுக்குவது என்று அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடு, அது போதும்" என்றார். அவ்வாறே இங்குச் சொல்லிவிட்டோம்.